வலை இல்லாத கொடிகள்

ஊர்ப் பெயரைச் சொல்லப்போவதில்லை. ஒருமுறை எழுதிப் பட்டது போதும். மணமேல்குடிக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையிலிருந்து கடல் பக்கமாகப் பிரியும் ஒரு தார்ச்சாலையின் முடிவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலை முடிகிற இடத்தில் ஒரு பலகை நிற்கிறது. அதில் கடற்பசு ஒன்றைத் தீட்டியிருக்கிறார்கள். வரைந்தவர் கடற்பசுவைப் பார்த்ததில்லை என்பது பார்த்தவுடன் தெரியும். பசுவையாவது பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். அதற்குக் கீழே, இந்தக் கடற்பகுதி பாதுகாக்கப்பட்டது என்று எழுதியிருக்கிறது. எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, யாரிடமிருந்து பாதுகாக்கப்பட்டது என்ற விவரமெல்லாம் கிடையாது. பலகையின் கால்களில் எப்போதும் இரண்டு ஆடுகள் கட்டியிருக்கும். வெயிலுக்கு அவற்றுக்கு நல்ல பாதுகாப்பு.

அந்தப் பலகை நிற்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து எழுதுவதுதான் என் வேலை. சிரிக்க வேண்டாம், உண்மையாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது. உலகம் முழுவதும் அரசாங்கங்கள் மாநாடுகளில் ஏறி, எங்கள் கடலில் இவ்வளவு பகுதியைப் பாதுகாப்போம் என்று வாக்குக் கொடுத்து, கைதட்டல் வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுகின்றன. கொடுத்த வாக்கு நிறைவேறியதா என்று கண்காணிக்க ஒரு நிறுவனம். அவர்களுடைய இணையதளத்தில் உலக வரைபடம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வாக்குக்கும் ஒரு புள்ளி. நிறைவேறாவிட்டால் சிவப்பு, நடந்துகொண்டிருந்தால் மஞ்சள், நிறைவேறினால் பச்சை. எங்கள் புதுக்கோட்டை மாவட்டத்துக் கடலுக்கும் அதில் ஒரு புள்ளி இருந்தது. அந்தப் புள்ளிக்கு நான் காவல்காரன்.

வளைகுடா நாடு ஒன்றில் பதினைந்து வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவன் நான். வந்த சரக்கு, போன சரக்கு, இருக்கிற சரக்கு இவற்றைத் தவிர வேறு எதுவும் தெரியாது. மனைவிக்கு ஆசிரியை வேலை புதுக்கோட்டையில் என்பதால் திரும்பி வந்ததும் திருக்கோகர்ணத்தில் வீடு பிடித்தோம். ஆங்கிலமும் தமிழும் தட்டச்சத் தெரிந்த, கடற்கரையில் பிறந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று யாரோ சொல்ல, இந்த வேலை என்னைத் தேடி வந்தது. கடலும் ஒரு பெரிய ஸ்டோர்தானே என்று நினைத்து ஒத்துக்கொண்டேன். அந்த நினைப்பைப் போல ஒரு மடத்தனம் கிடையாது.

படிவத்தில் பன்னிரண்டு கேள்விகள். அறிவிப்பு வந்ததா, குழு அமைத்தார்களா, குழு கூடியதா, பலகை வைத்தார்களா என்று போகும். எல்லாவற்றுக்கும் ஆம் என்று எழுதுவதில் ஒரு சிரமமும் இல்லை. குழு கூடி, தேநீர் குடித்து, வரிசையாக நின்று படம் எடுத்துக்கொண்டு கலைந்ததற்குச் சாட்சி உண்டு. ஐந்தாவது கேள்வி மட்டும்தான் முள். எல்லை கடலில் அடையாளமிடப்பட்டுள்ளதா?

அதற்கு ஒவ்வொரு காலாண்டும் இல்லை என்றே எழுதினேன். மிதவைகள் வாங்கப்போகிறோம் என்றார்கள். பிறகு வாங்கிவிட்டோம் என்றார்கள். உண்மைதான், நானே போய்ப் பார்த்தேன். ஒரு அலுவலகத்தின் பின்கட்டில், வேப்பமரத்தடியில், ஆரஞ்சு நிறத்தில் பெரிய மிதவைகள் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் கிடந்தன. ஒன்றின்மேல் காவலாளி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். ஏன் கடலில் போடவில்லை என்று கேட்டதற்கு, மிதவை வாங்க அனுமதி இருக்கிறது, அதைக் கடலுக்கு ஏற்றிப்போகும் படகுக்கு அனுமதி இல்லை என்று விளக்கினார் ஓர் அதிகாரி. என் மச்சான் தன் படகிலேயே சும்மா கொண்டுபோய்ப் போட்டுத் தருவதாகச் சொல்லிப் பார்த்தார். அரசாங்கச் சாமானைத் தனியார் படகில் ஏற்றக்கூடாதாம். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இது வேப்பமரத்து மிதவை.

மச்சான் என்றது என் ராத்தாவின் வீட்டுக்காரரை. அக்காவை எங்கள் சனத்தில் ராத்தா என்போம். மச்சானுக்கு ஒரு பைபர் படகும் நண்டு வலைகளும் உண்டு. ஊருக்கு நேர் கிழக்கே, இரண்டு ஆள் ஆழத் தண்ணீரில், கடலடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. வயல் மாதிரி அடர்ந்த கடற்புல். கடற்பசு மேய வருவது அங்கேதான், நண்டு குஞ்சு பொரிப்பதும் அங்கேதான். அந்தப் புல் இருக்கும்வரைதான் மச்சானுக்கும் அவரைப் போன்ற முப்பது நாற்பது நண்டு வலைக்காரர்களுக்கும் பிழைப்பு. விசைப்படகுக்காரர்கள், ஊர்ப் பேச்சில் லாஞ்சுக்காரர்கள், இழுவை மடி வலையைப் போட்டு அதன்மேல் ஓட்டினால் புல் வேரோடு வந்துவிடும், நண்டு வலையும் கந்தலாகிவிடும். கரைக்கு அவ்வளவு பக்கத்தில் அவர்கள் வரக்கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் வருகிறார்கள்.

அந்தப் புல் போனால் மச்சானுக்கு ஒரே வழிதான்: படகை விற்றுவிட்டு, ஐம்பத்து மூன்று வயதில் இன்னொருவருடைய விசைப்படகில் கூலிக்கு ஏறி, தன் புல்லைத் தானே சுரண்டுவது. இதை அவர் ஒருமுறைதான் என்னிடம் சொன்னார், அதுவும் வேறெங்கோ பார்த்துக்கொண்டு. கடலைப் பாதுகாக்க ஊராரின் சம்மதம் கேட்ட கூட்டத்தில் முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டவர் அவர். அதனால் நான் போகும்போதெல்லாம் கேட்பார்: “மிதவை எப்ப மாப்ள வருது?” நான் அடுத்த காலாண்டு என்பேன். எனக்கு அந்தச் சொல் பழகிவிட்டது, அவருக்குப் பழகவில்லை.

பிறகு ஒரு தடவை போனபோது அவர் கேட்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது. படகில் ஏறு என்றார். ஏறினேன்.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். எங்கள் கடலில் வலை விட்டவன் அதன் இரு முனையிலும் ஒரு மூங்கில் கம்பை மிதக்கவிடுவான். அடியில் கல், நடுவில் தெர்மோகோல் கட்டை, உச்சியில் ஒரு துணி. அதைத்தான் கொடி என்போம். கொடியைக் கண்டால் யாரும் குறுக்கே போகமாட்டார்கள். ஜென்மப் பகையாக இருந்தாலும் சுக்கானைத் திருப்பிச் சுற்றித்தான் போவான். இதற்குச் சட்டமில்லை, குழுவில்லை, பலகையில்லை. படகுக்கு அடியில் சுழலும் காற்றாடியில் வலை சுற்றினால் நடுக்கடலில் இஞ்சின் நின்றுபோகும் என்ற பயம் பாதி, நாளைக்கு நம் வலையும் இங்கேதான் கிடக்கப்போகிறது என்ற மரியாதை பாதி. மாநாட்டுக்காரர்கள் யாரும் வந்து கண்காணிக்காமலே தலைமுறை தலைமுறையாக நிறைவேறி வரும் வாக்கு அது ஒன்றுதான்.

புல்வெளியைச் சுற்றிக் கொடிகள் நின்றன. ஒன்றிரண்டல்ல, கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும். பழைய கைலி, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, ராத்தாவின் கிழிந்த துப்பட்டி என்று ஊரின் துணி முழுவதும் கடலில் பறந்தது. ஒரு கொடி மினுங்கியது. பார்த்தால், வளைகுடாவில் நான் போட்டிருந்த ஒளிரும் ஆரஞ்சுச் சட்டை. ராத்தா வீட்டில் விட்டுவைத்திருந்ததை மச்சான் நாலாகக் கிழித்திருக்கிறார்.

இவ்வளவு வலை ஏது என்று கேட்டேன். மச்சான் ஒரு கம்பைப் பிடித்து மேலே தூக்கிக் காட்டினார். அடியில் கல் மட்டும் தொங்கியது. வலை இல்லை.

“எவனுக்குத் தெரியும்?” என்றார். “ஒரு மாசமா ஒரு லாஞ்சு இங்கிட்டு வரல மாப்ள.”

எனக்கு அந்த இடத்தில் அவரைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. எத்தனை குழு, எத்தனை கூட்டம், எத்தனை அனுமதி! ஒன்றும் நடக்காத இடத்தில் கிழிந்த கைலியைக் கட்டிக் காரியத்தை முடித்துவிட்டார்கள். படகை நிறுத்தி நிறுத்திப் படம் எடுத்தேன். ஒவ்வொரு கொடி நிற்கும் இடத்தையும் போனில் குறித்துக்கொண்டேன். ஸ்டோர் கீப்பர் புத்தி, சரக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மச்சான் இதெல்லாம் எதற்கு என்று கேட்டார். நம்ம ஊர் பெருமையை உலகம் பார்க்கட்டும் என்றேன். உலகத்துக்கு இது எதற்கு என்றார். அதோடு விட்டுவிட்டார், தம்பிக்குப் படிப்பு இருக்கிறது, தெரிந்துதான் செய்வான் என்ற நம்பிக்கை.

அன்று வீட்டுக்கு வந்து ஐந்தாவது கேள்விக்கு முதல்முறையாக ஆம் என்று போட்டேன். போட்டதோடு நிற்கவில்லை. குறிப்பு என்ற கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு எழுதினேன். அரசு மிதவைகள் வேப்பமரத்தடியில் உறங்குவதையும், மீனவர்களே வலையில்லாத வெறும் கொடிகளை நட்டு எல்லை வகுத்திருப்பதையும், விசைப்படகுகள் அவற்றை வலையென்று நம்பி விலகிப் போவதையும் ரசித்து ரசித்து எழுதினேன். அதிகாரிகளுக்கு நல்ல சூடு வைத்தோம் என்று நினைப்பு. நுணலும் தன் வாயால் கெடும். நான் கெட்டிருந்தால் பரவாயில்லை.

நிறுவனத்தின் ஒருங்கிணைப்பாளர் நகரத்திலிருக்கும் ஓர் இளம்பெண். நல்ல பெண். வீடியோ அழைப்பில் வந்து, “சார், ரொம்ப ரொம்ப நல்லா இருக்கு சார்” என்றார். மக்களே முன்னின்று நடத்தும் பாதுகாப்பு என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார். எங்கள் புள்ளி பச்சையானது. வேப்பமரத்து அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? வெட்கப்படவில்லை. என் படத்தையே எடுத்து, எல்லை அடையாளமிடும் பணி மக்கள் பங்களிப்புடன் நிறைவுற்றது என்று தங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொண்டது. வாக்கு நிறைவேறிவிட்டது. கொடுத்தவர்களும் நிறைவேற்றவில்லை, நிறைவேற்றியவர்களும் கொடுக்கவில்லை, அது யாருக்கு வேண்டும்?

அடுத்து, உள்ளூர் மக்களும் படிக்க வேண்டும் என்று அறிக்கையைத் தமிழில் போட முடிவு செய்தார்கள். மொழிபெயர்க்க ஆள் தேட வேண்டியதில்லை, நானே இருந்தேன். வரைபடத்தோடு, கொடி நிற்கும் இடங்களோடு, சுத்தமான தமிழில் வந்தது. இத்தனை வருடமாக நான் எழுதியதை ஒரு மனிதரும் படித்ததில்லை. இதை எல்லோரும் படித்தார்கள்.

எல்லோரும் என்றால் யார் என்று அடுத்த முறை பஸ்ஸைவிட்டு இறங்கியதும் தெரிந்தது. சாலை முக்கில் டீக்கடை. அங்கே என்னோடு பள்ளியில் படித்தவர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். விசைப்படகு ஓட்டுகிறவர். என்னைக் கண்டதும் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். விசைப்படகுக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் என் கட்டுரை வந்ததாம், தமிழ் நல்லா இருந்ததாம். கடலுக்குப் போனீர்களா என்று கேட்டேன்.

“வலை கெடக்குதுன்னுதானய்யா இத்தன நாளு ஒதுங்கிப் போனோம். கொடிக்குக் கீழ ஒண்ணுமில்லன்னு நீதான எழுதிருக்க?” என்றார்.

கோபமாகக்கூடச் சொல்லவில்லை, ஒரு நன்றியோடு சொன்னார். டீ வாங்கித் தந்தார். கண்ணாடித் தம்ளர் சுடுகிறது என்று கையிலிருந்த துணியால் பிடித்துக்கொண்டார். ஆரஞ்சுத் துணி. ஒளிரும் பட்டை எண்ணெய் படிந்து கறுத்திருந்தது.

ராத்தா வீட்டுக்குப் போவதா, அப்படியே அடுத்த பஸ்ஸில் திரும்புவதா என்று கடைவாசலில் நின்றேன். திரும்பத்தான் நினைத்தேன். கால்தான் பழக்கத்தில் அங்கே போய்விட்டது.

மச்சான் முற்றத்தில் வலையை விரித்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். வலை என்று சொல்வது மரியாதைக்கு. கிழிசல்களுக்கு இடையில் அங்கங்கே கொஞ்சம் நூல் இருந்தது. புல்வெளியின் வடக்குப் பாதி போய்விட்டது என்றார். கொடிகளை இடித்துக்கொண்டே போனார்களாம். கொடிக்குக் கீழே ஒன்றுமில்லை என்று தெரிந்தபிறகு நிஜ வலைக்கு மேல் நின்ற கொடியையும் யாரும் மதிக்கவில்லையாம். புல் ஒரு பாதிதான் போயிற்று. தலைமுறை தலைமுறையாக நின்ற ஒரு வழக்கத்தை நான் ஒரு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டேன்.

மச்சான் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ராத்தா சோறு போட்டாள். அவள் வீட்டில் எனக்கு எப்போதும் ஓரா மீன்தான். நண்டு கம்பெனிக்குப் போய்விடும். வலையோடு வரும் ஓராவை எனக்கென்று எடுத்துவைத்து ஆணம், அதாவது குழம்பு, காய்ச்சுவாள். ஓராவும் அந்தப் புல்லில் மேய்கிற மீன்தான். அன்றைக்கு முட்டை ஆணம். தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். என்னடா மெலிஞ்சிட்ட என்று கேட்கவில்லை. அதைக் கேட்காமல் அவள் எனக்குச் சோறு போட்டது என் ஆயுசில் அதுதான் முதல் தடவை.

ஒருங்கிணைப்பாளரை அழைத்தேன். பச்சையை எடுங்கள், சிவப்பு போடுங்கள், கட்டுரையை முதலில் கழற்றுங்கள் என்றேன். கட்டுரையை அன்றே எடுத்துவிட்டார். வாட்ஸ்அப்பிலிருந்து எடுக்க யாரால் முடியும்? புள்ளி விஷயத்தில்தான் சிக்கல். நிறைவேறியது என்று பதிந்த வாக்கை நிறைவேறாதது என்று மாற்றுவதற்குப் படிவத்தில் வழியில்லையாம். முடிந்த வாக்கு முடிந்ததுதானாம். வேண்டுமானால் புதிதாக ஒரு வாக்குக் கொடுக்கச் சொல்லி, அதைச் சிவப்பிலிருந்து தொடங்கலாமாம். அந்தப் பெண்ணுக்கே சொல்லும்போது குரல் இறங்கிப்போயிற்று. அரசாங்கங்கள் ஏன் இவர்களுக்குப் பயப்படுவதில்லை என்று அன்றைக்குத்தான் விளங்கியது. இரண்டு பேருமே ஒரே கடையில் படிவம் அச்சடிக்கிறார்கள்.

வேலையை விட்டுவிடுவதாகச் சொல்ல நினைத்தேன். விட்டுவிட்டு என்ன செய்வது? வேறு ஒருவன் வந்து இன்னும் நல்ல தமிழில் எழுதுவான். அதனால் விடவில்லை.

தென்காற்றான சோளகம் தணிந்த மாதத்தில் மறுபடி போனேன். மச்சான் வீட்டு வாசலில் மூங்கில் கம்புகள் அடுக்கியிருந்தன. பக்கத்தில் குவியல் குவியலாக உதவாத வலைகள், அறுந்த நைலான் கயிறுகள். ஊர் முழுவதும் அதே. விஷயம் எனக்கு உடனே புரிந்தது. இந்தத் தடவை சில கொடிகளுக்குக் கீழே சுருட்டிக் கட்டிய பழைய வலை கிடக்கும், சிலவற்றுக்குக் கீழே கிடக்காது. எது எதுவென்று நட்டவனுக்கு மட்டும்தான் தெரியும். ஒரு காற்றாடியில் சுற்றினால் போதும், அடுத்த லாஞ்சுக்குப் பழைய மரியாதை திரும்பிவிடும்.

நானும் வரட்டுமா என்று கேட்டேன். மச்சான் முறுக்கிக்கொண்டிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

“வா. ஆனா கரையப் பாத்து ஒக்காரணும்” என்றார்.

படகில் ஏறியதும் என் போனை வாங்கிக் கரையில் நின்ற ராத்தாவிடம் கொடுத்துவிட்டார். நான் பின்கட்டையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பிற்பகல் முழுவதும் பின்னால் கம்பு விழும் சத்தம் கேட்டது. சில தடவை கம்பு மட்டும் விழுந்தது, சில தடவை அதோடு கனமாக வேறு எதுவோ விழுந்தது போலிருந்தது. காதையும் பொத்திக்கொள் என்று அவர் சொல்லவில்லை. நானாகவே ஏதோ பழைய பாட்டை முணுமுணுத்துச் சத்தம் காதில் விழாமல் பார்த்துக்கொண்டேன். எனக்கு எதிரே கரையில் அந்தப் பலகை சின்னதாகத் தெரிந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் கடற்பசு இன்னும் மோசமாக இருந்தது.

திரும்பி வந்து இறங்கியபோது ராத்தா கரையில் நின்றாள். போனைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“பாத்தியா?”

“இல்ல ராத்தா.”

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு போனைக் கொடுத்தாள்.

அந்தக் காலாண்டுப் படிவத்தில் ஐந்தாவது கேள்விக்குத் தெரியாது என்று எழுதினேன். அப்படி ஒரு விடை இல்லை, ஆம் அல்லது இல்லை என்று போடுங்கள் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார். நீங்கள் நேரில் போகவில்லையா என்றும் கேட்டார். போனேன், கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்றேன். இத்தனை வருடத்தில் இந்த வேலையில் யாருக்காவது பிரயோசனமாக நான் செய்தது அது ஒன்றுதான். புள்ளி இன்னமும் பச்சையாகத்தான் இருக்கிறது, வேப்பமரத்தடியில் மிதவைகளும் இருக்கின்றன.

கொடி போட்டுத் திரும்பிய அன்றைக்கும் ராத்தா வீட்டில் முட்டைதான் இருந்தது. புல் தழைக்க நாளாகும் என்றார் மச்சான். ஆனால் தட்டை வைத்துவிட்டு ராத்தா உள்ளே போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றிக்கொள் என்றாள். ஏன்டா இப்படி மெலிஞ்சிட்ட என்று கேட்டாள்.